போனை வாங்கினால் அலறுகிறான், தள்ளிவிடுகிறான். அவன் மூளை கெட்டுவிட்டதா?

வாசகர் கடிதம்:

"கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில் இலை எடுக்கிற வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பிக்கப் ஓட்டுகிறார். பச்சை இலை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரியில் இறக்கிவிட்டு வர ராத்திரி எட்டு ஒன்பது ஆகிவிடும். பையனுக்கு 9 வயது, நாலாவது படிக்கிறான். பாப்பாவுக்கு 3 வயது. பையன் 4 மணிக்கு ஸ்கூல் விட்டு வந்துவிடுவான், நான் இலையை நிறுத்துப் போட்டு வீடு சேர ஐந்தரை ஆகும். அதுவரை மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். லைன் வீட்டுக்குப் பின்னாடி கரடி நடமாட்டம் இருப்பதால் வெளியே விட பயம், அதனால் பழைய போனைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுகிறார். ஷார்ட்ஸ் பார்க்கிறான், கார் கேம் ஆடுகிறான். 8 மணிக்கு நான் போனை வாங்கினால் அலறுகிறான். போன வாரம் பாட்டியைத் தள்ளிவிட்டான், அவங்க கட்டில் காலில் மோதிக் கை வீங்கிப்போச்சு. அப்புறம் அவனே அழுதான். போன் பார்க்கிற பிள்ளைகளுக்கு மூளை சுருங்கிப்போகும் என்று நாத்தனார் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறார். கோயம்புத்தூர் கூட்டிப்போய் ஸ்கேன் எடுக்கணுமா? போனை அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூடத் தோணுது."

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஸ்கேன் விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். போன் அதிகமாகப் பார்த்த மூளை இது, பார்க்காத மூளை இது என்று ஒரு பிள்ளையின் ஸ்கேனை வைத்துப் பிரித்துச் சொல்ல இன்றைக்கு எந்த டாக்டராலும் முடியாது. அதற்குச் செலவழிக்கிற காசும், பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கிப் போய்வரும் ஒரு நாள் கூலியும் வீண். அமெரிக்காவில் 9, 10 வயதில் ஆரம்பித்து 11,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து மூளையைப் படம் எடுத்துப் பார்த்துவருகிறார்கள். அதில் திரை நேரத்துக்கும் மூளைக்கும் நடுவே சில தொடர்புகள் தெரிகின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சின்னவை. திரையால் அப்படி ஆனதா, ஏற்கெனவே அப்படி இருந்த பிள்ளை திரையை அதிகம் தேடிப் போனதா என்பதையும் அதை வைத்துத் தீர்த்துச் சொல்லிவிட முடியாது. "சுருங்கிப்போகும்" என்று வீடியோ போடுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. நாள் முழுக்க முதுகில் இலைப் பையோடு நின்றுவிட்டு வருகிற ஒரு தாயைப் பயமுறுத்தி அவர்களுக்கு என்ன கிடைக்கிறது? அந்த வீடியோவை அழித்துவிடுங்கள்.

உங்கள் மகனின் மூளை கெட்டுப்போகவில்லை. 9 வயது மூளை எப்படி வேலை செய்யுமோ அப்படித்தான் வேலை செய்கிறது, சிக்கலே அங்கேதான். அதைப் புரிந்துகொண்டால் ராத்திரி 8 மணிச் சண்டையில் பாதி தானாகக் குறையும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டுங்கள்.

டோபமைன் என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மூளையில் சுரக்கிற ஒரு ரசாயனம். அது சந்தோஷத்தைக் கொடுப்பது என்றுதான் பலரும் சொல்கிறார்கள், அது முழுக்கச் சரியில்லை. ஸ்விட்சர்லாந்தில் வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துச் செய்த சோதனையைச் சொல்கிறேன். குரங்கின் வாயில் ஒரு சொட்டு பழச்சாறு விழும். எதிர்பாராமல் விழும்போது டோபமைன் செல்கள் படபடவென்று துடித்தன. அப்புறம் சாறு விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு அடையாளம் காட்டினார்கள், உதாரணத்துக்கு ஒரு விளக்கு. சில நாளில் குரங்குக்கு விஷயம் புரிந்துவிட்டது, அதற்குப் பிறகு செல்கள் விளக்கைப் பார்த்ததுமே துடித்தன, சாறு விழும்போது துடிக்கவில்லை. மூன்றாவதாக, விளக்கைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்காமல் விட்டார்கள். சாறு விழவேண்டிய அந்தச் சரியான நொடியில் செல்களின் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே விழுந்தது. 1997-ல் ஷுல்ட்ஸும் வேறு இருவரும் சேர்ந்து இதைப் பற்றி எழுதிய கட்டுரை மூளை அறிவியலில் ரொம்பப் பேசப்பட்ட ஒன்று.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பையன் ஷார்ட்ஸ் பார்க்கிறான். பெருவிரல் மேலே தள்ளுகிறது, ஒரு வீடியோ, சுமார்தான். இன்னொரு தள்ளு, அதுவும் சுமார். மூன்றாவதில் ஒருவன் தண்ணியில் வழுக்கி விழுகிறான், இவன் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறான். எப்போது நல்லது வரும் என்று தெரியாததுதான் அவனை உட்கார வைக்கிறது. எந்தக் கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் சளைக்காமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று ஸ்கின்னர் என்ற உளவியலாளர் 1950களிலேயே காட்டிவிட்டார். போதாததற்கு, இந்த வீடியோக்களுக்கு அடி என்று ஒன்று இல்லை. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் இந்த முறையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்பவரே பின்னால் அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்திருக்கிறார். ஆக, அவன் மூளை "அடுத்தது நல்லதாக இருக்கும்" என்று சாறுக்குக் காத்திருக்கிற அதே நொடியில் நீங்கள் கையிலிருந்து போனை உருவுகிறீர்கள். துடிப்பு சரிகிறது. அது அவனுக்கு உள்ளே நிஜமாகவே ஒரு இழப்பாகத் தெரிகிறது. நடிப்பு கிடையாது, உங்களை மதிக்கவில்லை என்பதும் கிடையாது.

இன்னொன்றும் உண்டு. வேண்டும் என்ற தவிப்பும் பிடித்திருக்கிறது என்ற சுகமும் மூளையில் தனித்தனி வேலைகள் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் வருடக்கணக்காக ஆராய்ந்து சொல்லியிருக்கிறார். டோபமைன் சேர்ந்திருப்பது முக்கியமாகத் தவிப்போடு. அதனால் சுகம் தீர்ந்துபோன பிறகும் தவிப்பு மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஒருநாள் ஏழரை மணிக்குப் போனைப் பார்க்காமல் அவன் முகத்தை மட்டும் பாருங்கள். சிரிப்பு இருக்காது, வாய் லேசாகத் திறந்திருக்கும், கண் சிமிட்டுவது குறைந்திருக்கும், விரல் மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் அவன் எதையும் ரசிக்கவில்லை.

சரி, தவிப்பு நமக்கும்தான் வருகிறது, நாம் அலறுவதில்லையே? காரணம், நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையின் முன்பகுதி. "போதும், எழுந்திரு" என்று சொல்லும் வேலை அதனுடையது, அது முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகிவிடும். உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், இலை லோடோடு மலை இறங்கும்போது வெறும் பிரேக்கை நம்பி இறங்குவாரா என்று. இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடுவார். உங்கள் மகனுக்கு எஞ்சின் முழுசாக இருக்கிறது, பிரேக் இன்னும் பாதி பொருத்திய நிலையில் இருக்கிறது. இறக்கத்தின் நடுவில் நின்று "பிரேக் போடு, பிரேக் போடு" என்று கத்துவதில் பலன் இல்லை. கியரை முன்னாடியே குறைக்க வேண்டியது பெரியவர்கள்.

அதாவது, நிறுத்துவதை அவனுடைய மனவலிமைக்கு விடாதீர்கள். எங்கே நிற்கும் என்பதை ஆரம்பிக்கும் முன்பே ஏற்பாடு செய்துவிடுங்கள். நான் சொல்லப்போகிற எல்லாம் இதற்குள் அடங்கும்.

முதல் வேலை, மாமியாரைக் காவல்காரர் வேலையிலிருந்து விடுவிப்பது. அவருக்கு வயதாகிவிட்டது, இடுப்பில் ஒரு பாப்பா, பின்னால் கரடி பயம், முன்னால் போன் கேட்டு நச்சரிக்கிற பேரன். அவர் எப்படி மறுப்பார்? பழைய போனைக் காலையில் வேலைக்குப் போகும்போது நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். அவசரத்துக்குப் பேச வீட்டில் ஒரு பட்டன் போன் இருந்தால் போதும். வீட்டில் இல்லாத போனுக்காகச் சண்டை வராது என்று சொல்லமாட்டேன், முதல் நான்கைந்து நாள் வரும். ஆனால் அலமாரி மேல் இருக்கிற போனுக்காக வருகிற சண்டை அளவுக்கு அது நீளாது, ஏனென்றால் குரங்குக்குக் காட்டிய விளக்கு போல எதிரிலேயே இருந்து தூண்டிக்கொண்டிருக்க ஒன்றும் இல்லை.

4 மணிக்கு வந்ததும் அவனுக்கு முதலில் தேவைப்படுவது சாப்பாடு. மதியம் பள்ளியில் சாப்பிட்டது, அதற்கப்புறம் நடை, ஏற்றம், குளிர். நாள் முழுக்க வகுப்பில் கையைக் கட்டி அடங்கி உட்கார்ந்துவிட்டு வருகிற பிள்ளைக்கு, வீட்டுக்கு வரும்போது பசியும் அலுப்பும் சேர்ந்திருக்கும். அந்த நிலையில் எந்தப் பேச்சும் ஏறாது. மிச்சம் இருக்கும் சோறோ, ஒரு தோசையோ, அவித்த உருளைக்கிழங்கோ சூடாக வயிற்றில் விழட்டும்.

அடுத்தது 5:30 வரைக்கும் என்ன செய்வது. இங்கேதான் மற்றவர்கள் எழுதுகிற ஆலோசனைகள் நம் மலைக்குப் பொருந்துவதில்லை. "மாலையில் வெளியே விளையாட விடுங்கள்" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். தேயிலைச் செடிக்கு நடுவே கரடி படுத்திருக்கும் ஊரில், சில இடத்தில் காட்டெருமை வீட்டு வாசலிலேயே நிற்கும் ஊரில், பொழுது சாய்ந்தபின் பிள்ளையை வெளியே விடச்சொல்லி நான் ஒருநாளும் எழுதமாட்டேன். அக்டோபர், நவம்பர் மழை பிடித்துக்கொண்டால் பகலிலேயே முடியாது. ஆனால் வெயில் இருக்கிற மாதங்களில் 4 மணியிலிருந்து 5 மணி வரை வெளிச்சம் நன்றாகவே இருக்கும். உங்கள் லைனில் இதே கவலையோடு இன்னும் நான்கு அம்மாக்களாவது இருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு வீட்டுப் பெரியவர் வாசல் திண்ணையில் உட்கார, எல்லாப் பிள்ளைகளும் லைனுக்கு முன்னால் இருக்கிற இடத்திலேயே பம்பரம், கோலி, பந்து என்று ஆடலாம். ஐந்து மணிக்கு எல்லோரும் உள்ளே. கண்ணுக்கும் அது நல்லது. சீனாவின் குவாங்சோ நகரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டதில் கிட்டப்பார்வை வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது என்று 2015-ல் வெளியான ஆய்வு சொல்கிறது.

மழை நாளுக்குத் தாயம், பல்லாங்குழி, ஒரு பழைய கேரம் போர்டு. பாட்டியோடு ஆடுவது. விளையாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கைக்கு வேலை வேண்டும், அவ்வளவுதான். பட்டாணி உரிக்கச் சொல்லுங்கள், பீன்ஸ் நார் எடுக்கச் சொல்லுங்கள், சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். மாவு பிசைகிற 9 வயதுப் பையனைப் பாருங்கள், நாக்கைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் போட்டு அழுத்துவான், இரண்டு கையும் முழங்கை வரை மாவாகும். வீடு கொஞ்சம் அழுக்காகும், ஆகட்டும். "எனக்குப் போர் அடிக்குது" என்று சொல்வான். சொல்லட்டும். பத்து நிமிடம் போர் அடித்தால் பிள்ளைகளே எதையாவது கண்டுபிடித்துவிடுவார்கள், அந்தப் பத்து நிமிடத்தைத் தாங்கத்தான் பெரியவர்களுக்குப் பொறுமை தேவைப்படுகிறது.

போன் முழுசாக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அடுப்பில் போடவும் வேண்டாம். 5லிருந்து 10 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்குள் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதல். உங்கள் மகனுக்குப் பள்ளி நாட்களில் 6லிருந்து 7 வரை ஒரு மணி நேரம் போதும். எதைப் பார்க்கிறான் என்பதில் நான் கறாராகச் சொல்வது ஒன்றுதான்: ஷார்ட்ஸ் வேண்டாம். முடிவு என்று ஒன்று இருக்கிற வீடியோவாகக் கொடுங்கள். 20 நிமிடக் கதையோ, கார்ட்டூனோ, விலங்குகளைப் பற்றியதோ, அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள். நெட்வொர்க் நன்றாகக் கிடைக்கும்போது யூட்யூபில் இரண்டு வீடியோவை டவுன்லோடு செய்து வைத்துக்கொண்டு, டேட்டாவை அணைத்துவிட்டுப் போனைக் கொடுங்கள். வீடியோ முடியும், அடுத்தது தானாக ஓடாது. கார் கேம் என்றால் மணியைச் சொல்லாதீர்கள், "இன்னும் இரண்டு ரேஸ்" என்று சொல்லுங்கள். ரேஸின் நடுவில் பிடுங்கினால் சாறு விழும் நொடியில் பிடுங்கியதுதான்.

"இன்னும் ரெண்டு நிமிஷம்தான், சொல்லிட்டேன்" என்று முன்கூட்டியே எச்சரித்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2016-ல் இதையே ஆராய்ந்தார்கள். 1லிருந்து 5 வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், திரையை நிறுத்துகிற ஒவ்வொரு முறையும் என்ன நடந்தது என்று பெற்றோரைக் குறித்து வைக்கச் சொன்னார்கள். இரண்டு நிமிட எச்சரிக்கை கொடுத்த நேரங்களில் அழுகை கூடியிருந்தது. நிகழ்ச்சி தானாக முடிந்தபோதும், தினமும் இந்த நேரத்தில் இதற்குப் பின் இது என்ற வழக்கம் இருந்தபோதும் பிள்ளைகள் சுலபமாக விட்டார்கள். பெற்றோர் நிறுத்தியதைவிடக் கருவியே நின்றபோது சண்டை குறைவு. இது சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்தது, ஆனாலும் குன்னூரில் என்னிடம் வரும் எட்டு, பத்து வயதுப் பிள்ளைகளிடமும் இதேதான் பார்க்கிறேன். கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற ஆப் இலவசம், உங்கள் போனிலிருந்து அவன் போனுக்கு நேரம் வைத்துவிட்டால் 7 மணிக்குத் தானே பூட்டிக்கொள்ளும். லைனில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளை யாராவது இருந்தால் வைத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நின்றதும் அடுத்தது என்ன என்பதும் தயாராக இருக்கவேண்டும், வெறும் சுவரைப் பார்த்து நிற்க வைக்காதீர்கள். உங்கள் வீட்டில் சாயங்காலம் சுடுதண்ணி வைப்பீர்கள்தானே, போன் பூட்டும் நேரத்துக்குக் குளியலுக்குத் தண்ணி சூடாக இருக்கட்டும். குளிரில் அது பிள்ளைகளுக்குப் பிடித்த விஷயம். அதற்கப்புறம் சாப்பாடு.

இந்த மூளைக் கதையை உங்கள் மகனுக்கும் சொல்லுங்கள் என்பது என் விருப்பம். 9 வயதுக்கு நன்றாகப் புரியும், குரங்கும் சாறும் என்றால் கண்ணை விரித்துக்கொண்டு கேட்பான். சண்டை நேரத்தில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை காலையில், அவன் வயிறு நிறைந்து நல்ல மூடில் இருக்கும்போது. அவனோடு சேர்ந்து ஒரு சோதனையும் செய்யலாம். போனை எடுக்கும் முன், "இதைப் பார்த்தா எவ்வளவு ஜாலியா இருக்கும்? விரலில் காட்டு" என்று கேளுங்கள். ஐந்து விரலையும் காட்டுவான். பார்த்து முடித்ததும், "இப்போ எவ்வளவு ஜாலியா இருக்கு?" என்று கேளுங்கள். அவன் மூன்று காட்டினாலும் இரண்டு காட்டினாலும் நீங்கள் ஒரு வார்த்தையும் அறிவுரை சொல்லாதீர்கள், "ஓ, சரி" என்று மட்டும் சொல்லுங்கள். தவிப்பு சொன்னதும் கிடைத்ததும் ஒன்றில்லை என்பதை அவனே சில நாளில் கவனிப்பான். ஐந்தே காட்டினால் அதையும் நம்புங்கள், சில வீடியோக்கள் நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கும்.

அப்படியே, போன் பூட்டியதும் தன் உடம்பால் முதலில் என்ன செய்வான் என்பதையும் அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். "போன் நின்னதும் எழுந்து போனைச் சமையல்கட்டில் சார்ஜில் போடுவேன்." இப்படி "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்னதாகவே தீர்மானித்து வைத்தால் அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியது குறைகிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990களிலிருந்து இதை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். "நல்ல பையனா இருப்பேன்" என்ற சத்தியத்தைவிட இது பல மடங்கு உதவும்.

இவ்வளவு செய்தும் அலறுவான். முதல் வாரம் இப்போது இருப்பதைவிட அதிகமாகக்கூட இருக்கும், தயாராக இருங்கள். கத்தினால் கிடைத்துக்கொண்டிருந்தது திடீரென்று கிடைக்காமல் போனால், இன்னும் சத்தமாகக் கத்திப் பார்ப்பது எல்லாப் பிள்ளைகளும் செய்வது. அந்த நேரத்தில் மூளையில் பயமும் கோபமும் ஆளும் பகுதி மேலோங்கியிருக்கும், முன்பகுதி பின்வாங்கியிருக்கும், எனவே நியாயம் பேசினால் காதில் விழாது. நீங்கள் தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியம் சொல்லுங்கள்: "கஷ்டமாத்தான் இருக்கும், போன் நாளைக்கு." கேள்வி கேட்காதீர்கள், கணக்குத் தீர்க்காதீர்கள், அப்பா வரட்டும் என்று மிரட்டாதீர்கள். கை நீண்டால் மட்டும் உடனே கையைப் பிடித்துத் தடுங்கள். "பாட்டியை அடிக்க விடமாட்டேன்." கோபம் வருவது அவன் தப்பில்லை, தள்ளிவிடுவது தப்புதான், இரண்டையும் அவனுக்குச் சொல்லவேண்டும். அடங்கிய பிறகு பாட்டியின் கையில் தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள். போன வாரம் அவனே அழுதான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் எனக்கு உங்கள் மகன் மேல் நம்பிக்கை வந்தது.

அவன் அழுகைக்கு இரங்கி அந்த நேரத்தில் போனைத் திருப்பிக் கொடுப்பது மட்டும் கூடாது. நான்கு நாள் மறுத்து ஐந்தாம் நாள் கொடுத்தால், எந்த அழுகைக்குக் கிடைக்கும் என்று தெரியாத புறாவாக அவனை நாமே ஆக்கிவிடுகிறோம். இதை மாமியாரிடம் குற்றம் சொல்வதுபோல் இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். பேரன் அழுவதைப் பார்த்துத் தாங்காமல்தான் கொடுக்கிறார்.

தூக்கம். 6லிருந்து 12 வயது வரை 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும், தூக்கம் குறைந்த மறுநாள் முன்பகுதி மூளை இன்னும் தளர்ந்துவிடும், சண்டை இன்னும் கூடும். கொலராடோவில் 2018-ல் 3லிருந்து 5 வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரைத் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் பிரகாசமான விளக்குப் பலகை மேல் விளையாடவிட்டுப் பார்த்தார்கள். தூக்கத்துக்கு உடம்பைத் தயார்படுத்தும் மெலடோனின் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்தது, விளக்கை அணைத்து 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலானவர்களுக்குப் பழையபடி ஏறி வரவில்லை. போன் வெளிச்சம் அவ்வளவு பலமானது கிடையாது, ஆனால் நம் வீடுகளில் குளிருக்குக் கம்பளிக்குள் புகுந்து முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். படுக்கைக்குப் போன் வரக்கூடாது, யாருடைய போனும். இங்கே உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: ஒன்பது மணிக்கு அலுத்துப்போய் வந்து, பிள்ளைகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தமாக ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் இருந்தால் அதைச் சமையல்கட்டில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்கும் ஓய்வு வேண்டும், அதை நான் மறுக்கவில்லை.

நீங்கள் பாப்பாவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அவளைப் பற்றித்தான் அதிக அக்கறை. 2லிருந்து 4 வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. அண்ணன் மடியில் சாய்ந்து அவளும் 4லிருந்து 8 வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் நினைக்கிறேன். அழுகையை அடக்கப் போன், சோறு ஊட்டப் போன் என்று ஆகியிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். 3லிருந்து 5 வயதுப் பிள்ளைகளை அமைதிப்படுத்த அடிக்கடி கருவியைக் கொடுத்த வீடுகளில், சில மாதங்கள் கழித்துச் சில பிள்ளைகளுக்கு, முக்கியமாக ஆண்பிள்ளைகளுக்கும் இயல்பிலேயே துறுதுறுப்பான பிள்ளைகளுக்கும், கோபமும் அழுகையும் கூடியிருந்தன என்று மிச்சிகனில் ஜென்னி ராடெஸ்கியின் குழு 2022-ல் எழுதியது. அழுகிற பிள்ளை மடியில் அடங்கப் பழகவேண்டிய வயது அது.

எப்போது நேரில் காட்டவேண்டும்? இதையெல்லாம் விடாமல் ஒரு மாதம் செய்தும் அடிப்பது குறையவில்லை என்றால், பள்ளிக்குப் போகவே மறுத்தால், போன் இல்லாத நேரத்திலும் ஒரு இடத்தில் நிற்காமல் எதிலும் கவனம் இல்லாமல் இருந்தால், பாப்பாவுக்குப் பேச்சு வயதுக்கு ஏற்ப வரவில்லை என்று தோன்றினால், ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள். "செத்துப்போயிடுவேன்" என்பது போல எதாவது சொன்னால் ஒரு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் காசில்லாமல் பேசலாம், தமிழில் பேசுவார்கள். கேமிங் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனம் ஒரு நோயைப் பட்டியலில் சேர்த்திருப்பது உண்மை, ஆனால் அதற்குப் பொதுவாக ஒரு வருட காலமாவது வாழ்க்கையின் மற்ற எல்லாவற்றையும் விளையாட்டு விழுங்கியிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். எத்தனை மணி நேரம் பார்த்தான் என்பது எனக்கு அவ்வளவு முக்கியமில்லை. போன் நின்ற பிறகு அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைத் தினமும் காலண்டரில் ஒரு ஓரமாகக் குறித்து வையுங்கள், 40 நிமிடம், 35, 20 என்று எப்படி இருந்ததோ அப்படியே, நடுவில் ஏறியிருந்தாலும் மறைக்காமல். அதைப் பார்த்தால்தான் அடுத்து என்ன மாற்றலாம் என்று என்னால் சரியாகச் சொல்ல முடியும்.